"இதையும் எழுதப்போகிறீர்களா, அப்பா?"

கேள்வி:

எனக்கு வயது 43. பன்னிரண்டு வயதில் மகள், ஆறு வயதில் மகன். என் அப்பா எந்நேரமும் வேலை வேலை என்று இருந்தவர். அவர் இறந்த பிறகு யோசித்துப் பார்த்தால், அவரோடு கழித்த சாதாரண நாள் ஒன்றுகூட எனக்கு முழுதாக நினைவில் இல்லை. என் பிள்ளைகளுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று, இரண்டு ஆண்டுகளாக இரவில் அன்றைய சின்னச் சின்னச் சந்தோஷங்களைப் பத்துப் பதினைந்து வரிகளில் எழுதிவருகிறேன். மகன் ஷூ லேஸ் கட்டக் கற்றுக்கொண்டது, மழைக்கு ஒதுங்கி நின்ற அரை மணி நேரம், மகள் கேட்ட விசித்திரமான கேள்வி, இப்படி. எழுதியதை உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். எல்லோரும் ரசித்துப் படிப்பார்கள். 'உன்னைப் போல ஓர் அப்பா யாருக்குக் கிடைப்பார்' என்பார்கள்.

சில வாரங்களுக்கு முன் என் மகள், வகுப்பில் பேச வேண்டியதைக் கண்ணாடி முன் நின்று தனியாகப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் திக்கியபோது தன் தோளைத் தானே தட்டிக்கொண்டு, 'பரவாயில்லை, மறுபடி சொல்லு' என்றாள். கதவோரம் நின்றிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிரவே எழுதினேன். அடுத்த வாரம் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், எல்லோர் முன்னாலும் அதை நடித்துக் காட்டிச் சிரித்தார். மகள் எதுவும் சொல்லாமல் அறைக்குள் போய்விட்டாள். அதன்பின் கேட்டதற்கு மட்டும் பதில். ஒருநாள் தம்பியோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவள், நான் உள்ளே போனதும் நிறுத்திவிட்டு, 'இதையும் எழுதப்போகிறீர்களா, அப்பா?' என்றாள்.

'கொஞ்ச நாள் எழுதாமல் இருங்கள்' என்கிறார் மனைவி. நான் யாரையும் கேலி செய்து ஒரு வரிகூட எழுதியதில்லை. எல்லாம் அன்பினால் எழுதியதுதான். சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்வது தவறா? எழுதுவதையே விட்டுவிட வேண்டுமா? மகள் பழையபடி என்னிடம் பேச நான் என்ன செய்ய வேண்டும்? மூன்று குறிப்புகளை இணைத்திருக்கிறேன். படித்துப் பாருங்கள்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று குறிப்புகளையும் நிதானமாகப் படித்தேன். எழுதுவதை விட வேண்டாம். குழுவில் போடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். இரண்டு ஆண்டுகளாக இரண்டையும் சேர்த்தே செய்துவந்ததால் அவை ஒன்றுபோல உங்களுக்குத் தோன்றுகின்றன. உங்கள் மகளைப் புண்படுத்தியது உங்கள் பேனா அல்ல. நீங்கள் எழுதியதைப் படித்தவர்களின் கூட்டம்.

அன்பினால் எழுதியதாகச் சொல்கிறீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கண்ணாடி முன் நின்ற அந்தப் பெண், யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில்தான் தன் தோளைத் தட்டிக்கொண்டாள். அதை அவள் உங்களிடம் சொல்லவில்லை, காட்டவும் இல்லை. நீங்கள் பார்த்ததே அவளுக்குத் தெரியாது. உறவினர் நடித்துக் காட்டிய அந்த ஒரு நிமிடத்தில் அவளுக்கு மூன்று செய்திகள் சேர்ந்து வந்தன. தான் தனியாக இருக்கவில்லை. பார்த்தவர் அப்பா. அப்பா அதை எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பெரியவர்களுக்கே தாங்க முடியாத விஷயம் இது.

அதுவும் பன்னிரண்டு வயதில். இந்த வயதுப் பிள்ளைகள், எல்லோருடைய கண்களும் எப்போதும் தங்கள்மீதே இருப்பதாக நினைப்பார்கள். டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967இல் இதற்குக் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று பெயரிட்டார். சட்டையில் சின்னக் கறை பட்டிருந்தால்கூட வகுப்பே அதைத்தான் பார்க்கிறது என்று தவிப்பார்கள். 'யாரும் உன்னைக் கவனிக்கவில்லை, கவலைப்படாதே' என்று பெற்றோர் தேற்றும் வயது அது. உங்கள் மகளுக்கோ, அந்தப் பார்வையாளர்கள் கற்பனை இல்லை. ஒரு குழு நிறைய இருக்கிறார்கள்; பெயரும் முகமும் அவளுக்குத் தெரியும். அவள் கதவைச் சாத்திக்கொண்டதை நான் கோபம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. தற்காப்பு அது. ஆரோக்கியமான தற்காப்பு என்றே சொல்வேன்.

அவள் கேட்ட கேள்வியையும் கவனியுங்கள். 'எழுதாதீர்கள்' என்று சொல்லவில்லை. எழுதப்போகிறீர்களா என்று கேட்டாள். உங்களிடம் இன்னும் ஒரு பதிலை எதிர்பார்க்கிறாள். அந்தப் பதிலைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எப்படிச் சொல்வது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். என்னிடம் வரும் தந்தையர் பலர் சறுக்குவது இங்கேதான். மன்னிப்பு சிறியதாக இருக்கட்டும். 'நீ தனியாகப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்ததை உன்னைக் கேட்காமல் எழுதி மற்றவர்களுக்கு அனுப்பினேன். நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது. இனி உன்னைப் பற்றி யாருக்கும் எதையும் அனுப்ப மாட்டேன்.' அவ்வளவு போதும். 'ஆனால்' என்று தொடங்கும் வாக்கியம் எதுவும் வேண்டாம். 'உன்மேல் உள்ள பாசத்தால்தான்' என்று சேர்க்கவே சேர்க்காதீர்கள். அது உண்மையாக இருந்தாலும், அந்த நேரத்தில் அவள் உங்களைப் புரிந்துகொள்ள வேண்டிய பொறுப்பை அவள் தலையில் வைக்கும். கண் கலங்குவதும் அப்படித்தான். அழுகிற அப்பாவைத் தேற்றுவது பிள்ளையின் வேலையாகிவிடும். அவளுடைய வருத்தம் ஓரத்துக்குப் போய்விடும்.

உறவினர் நடித்துக் காட்டியபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. சேர்ந்து சிரித்திருந்தாலும், என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா இருந்திருந்தாலும், அவள் உங்கள் முகத்தைத்தான் பார்த்திருப்பாள். அதையும் மன்னிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'அவர் சிரித்தபோது நான் தடுத்திருக்க வேண்டும்.' அந்த உறவினருக்கும் போன் செய்து, அவள் முன்னால் இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். அவர் கொஞ்சம் மனத்தாங்கல் படலாம். படட்டும்.

மன்னிப்புக் கேட்டதும் அவள் 'சரி' என்று ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூடும். பின்னாலேயே போகாதீர்கள். 'சரி என்றால் என்ன அர்த்தம், இனிப் பேசுவாயா?' என்று கேட்காதீர்கள். அந்த வாக்கை நீங்கள் காப்பாற்றுகிறீர்களா என்று அவள் வாரக்கணக்கில் பார்ப்பாள். அதற்கு அவளுக்கு உரிமை உண்டு.

குழுவில் ஏற்கெனவே போட்டவை இருக்கின்றன. அனுப்பிய செய்தியை எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்கும் வசதிக்குக் காலக்கெடு உண்டு. பழையவற்றை உங்களால் திரும்பப் பெற முடியாது. கண்ணாடி முன் நடந்ததைப் பற்றிய குறிப்பை மட்டுமாவது அழித்துவிடும்படி குழுவில் கேளுங்கள். சிலர் செய்வார்கள், சிலர் செய்யமாட்டார்கள். கேட்டீர்கள் என்பதை மகளிடம் சொல்லுங்கள். எல்லாம் அழிந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பகிர்ந்துகொள்வது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய மழைக் குறிப்பையே எடுத்துக்கொள்வோம். கூரை விளிம்பிலிருந்து சொட்டும் நீரை மகன் எண்ணுகிறான். பதினேழுக்குப் பிறகு பதினெட்டைத் தாண்டிப் பத்தொன்பது என்கிறான். அக்காவுக்கு அது தெரிகிறது. வாயைத் திறக்கிறாள், பிறகு திருத்தாமல் விட்டுவிடுகிறாள். இதைப் படித்துவிட்டு நான் சற்று நேரம் அடுத்த வரிக்குப் போகவில்லை. தம்பிமீது அக்காவுக்கு இருக்கும் வாஞ்சை முழுவதும் அந்தத் திருத்தாத இடத்தில் இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே, 'குழந்தைகள் இருக்கும் வீடே கோயில், இதைவிட வாழ்க்கையில் வேறென்ன வேண்டும்?' என்று முடித்திருக்கிறீர்கள். மேலே உள்ள வரிகளை மழையில் நின்றவர் எழுதினார். கடைசி வரியைப் பாராட்டுக்குக் காத்திருந்தவர் எழுதினார். மற்ற இரண்டு குறிப்புகளிலும் இதே மாற்றம் கடைசி இரண்டு மூன்று வரிகளில் நடக்கிறது.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. யார் படிக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு, எழுதும்போது மட்டுமல்ல, அனுபவிக்கும்போதே உள்ளே வந்துவிடுகிறது. புகைப்படம் எடுப்பதைப் பற்றி அலிக்சாண்ட்ரா பராஷ் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வுகள் 2018இல் வெளியாயின. தனக்கென்று நினைவுக்காகப் படம் எடுப்பவர்களைவிட, சமூக ஊடகத்தில் போடுவதற்காக எடுப்பவர்களுக்கு அந்த அனுபவத்தில் கிடைக்கும் மகிழ்ச்சி குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள். மற்றவர்கள் கண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்ற கவலை நடுவில் புகுந்துவிடுவதே அதற்குக் காரணம். எடுப்பது கெடுப்பதில்லை, யாருக்காக எடுக்கிறோம் என்பது கெடுக்கிறது. கடந்த சில மாதங்களை நேர்மையாக நினைத்துப் பாருங்கள். மகன் ஏதோ வேடிக்கையாகச் சொன்ன அந்த நொடியிலேயே, இரவு எழுதப்போகும் முதல் வரி உங்களுக்குள் ஓடத் தொடங்கியிருக்கும். பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்பாவின் கண் தங்கள்மீது இருக்கிறது, மனம் வேறெங்கோ போய்விட்டது என்பது ஆறு வயதுக்கே தெரியும்.

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய மூன்று குறிப்புகளிலும் உங்கள் மனைவி ஒரு வரியிலும் இல்லை. மழையில் நனைந்து வந்த பிள்ளைகளுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தவர் யார்? மகனுக்கு லேஸ் கட்ட முதலில் சொல்லிக்கொடுத்தவர் யார்? ஒருவேளை நீங்களாகவே இருக்கலாம். அப்படி இல்லையென்றால், 'எழுதாமல் இருங்கள்' என்று அவர் சொன்னதில் மகளைப் பற்றிய கவலையோடு வேறொன்றும் கலந்திருக்கலாம். அவரிடம் கேட்டுப் பாருங்கள். தற்காத்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

மகளிடம் பேச்சு எப்படித் திரும்பும்? பெற்றோர் நினைப்பதற்கு மாறாக, பிள்ளைகளைப் பற்றி நமக்குத் தெரிந்தவை பெரும்பாலும் நம் கண்காணிப்பால் தெரிந்தவை அல்ல. ஸ்வீடனில் பதினான்கு வயதுப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் வைத்து ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் இருவரும் செய்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பிள்ளைகள் தாங்களாக வந்து சொல்வதிலிருந்துதான் பெற்றோருக்கு அதிகம் தெரிகிறது. துருவிக் கேட்பதிலிருந்தும் கட்டுப்பாடுகளிலிருந்தும் அந்த அளவுக்குத் தெரிவதில்லை. அடுத்த சில ஆண்டுகளில் உங்கள் மகளுக்கு நட்பில், படிப்பில், உடம்பில், மனத்தில் பல விஷயங்கள் வரும். அப்போது அவள் தானாக வந்து சொல்வாளா என்பதுதான் பெரிய கேள்வி. சொன்னது பத்திரமாக இருக்கும் என்று நம்பினால் சொல்வாள்.

ஆகவே, கேள்விகளைக் குறையுங்கள். 'இன்றைக்குப் பள்ளியில் என்ன நடந்தது?' என்பதைச் சில வாரங்கள் கேட்காமலே இருங்கள். பக்கத்தில் இருந்து செய்யும் வேலைகளைத் தேடிக்கொள்ளுங்கள். காய்ந்த துணிகளை மடிப்பது, சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போடுவது, புத்தக அலமாரியை ஒழுங்குபடுத்துவது, சும்மா நடந்துவிட்டு வருவது. முகத்துக்கு முகம் உட்கார்ந்து 'மனம் விட்டுப் பேசு' என்றால் இந்த வயதுப் பிள்ளைகள் சுருங்கிவிடுவார்கள். கை வேலையில் இருந்து, பார்வை வேறு பக்கம் இருக்கும்போது, தானாக ஏதாவது சொல்லத் தொடங்குவார்கள். துணி மடிக்கும்போது, கையில் இருக்கும் காலுறைக்கு ஜோடி தேடியபடியே, 'இன்றைக்கு என் பக்கத்தில் அவள் உட்காரவில்லை' என்பாள். நிமிர்ந்து பார்க்காதீர்கள். அடுத்த சட்டையை மடியுங்கள். 'ம்' என்று மட்டும் சொல்லுங்கள். மேலே சொன்னால் கேளுங்கள். பிறகு, 'நான் கேட்டுக்கொண்டால் போதுமா, ஏதாவது சொல்லட்டுமா?' என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். கேட்டது உங்களோடு இருக்கட்டும். அவளுக்கு ஆபத்து வரக்கூடிய விஷயம் என்றால் தவிர, அம்மாவிடம் சொல்லலாமா என்பதைக்கூட அவளைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

அந்த நேரங்களில் போன் உங்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். எடுத்துப் பார்க்கமாட்டீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்?

அவளுடைய அறைக்குள் போகும் முன் கதவைத் தட்டுங்கள், பாதி திறந்திருந்தாலும்.

மகனுக்கு ஆறு வயது. 'உன்னைப் பற்றி எழுதட்டுமா?' என்றால் குதிப்பான். இன்றைக்கு அவன் சொல்லும் சம்மதத்தைப் பன்னிரண்டு வயதில் அவன் திரும்பப் பெற வழி இல்லை. ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு, குழந்தையின் அந்தரங்கத்தில் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்கிறது. ஒரு வாட்ஸ்அப் குழுவுக்காக இவ்வளவு பெரிய சட்டத்தை இழுப்பது உங்களைப் பயமுறுத்த அல்ல. அந்தரங்கம் என்பது பதின்வயதில் முளைப்பது என்று நாம் நினைக்கிறோம். குழந்தைக்கும் அது உண்டு, கேட்கத் தெரியாது, அவ்வளவுதான். மகனைப் பற்றிய குறிப்புகளும் குழுவுக்குப் போக வேண்டாம்.

இனி உங்கள் எழுத்துக்கு வருகிறேன். தாளில் எழுதுங்கள், நோட்டில். எல்லாவற்றையும் அல்ல, உங்களுக்குக் கிடைத்ததை எழுதுங்கள். மகள் நம்பிச் சொன்னதோ, தனியாக இருந்தபோது உங்கள் கண்ணில் பட்டதோ நோட்டிலும் வேண்டாம். நோட்டு ஒன்று இருக்கிறது, அவளைப் பற்றிய பக்கங்களை எப்போது வேண்டுமானாலும் அவள் படிக்கலாம், பிடிக்காத பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று சொல்லிவிடுங்கள். கிழித்தால், ஏன் என்று கேட்காதீர்கள்.

உணர்ச்சியை எழுத வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். 'என் மகனின் சிரிப்பில் உலகையே மறந்தேன்' என்பது பத்து ஆண்டுகள் கழித்து எதையும் திரும்பக் கொண்டுவராது. 'செவ்வாய்க்கிழமை. பையின் ஜிப் சிக்கிக்கொண்டது. மெழுகுவத்தியைத் தேய்த்தோம். மூன்றாவது தடவை நகர்ந்தது. அவன் அதைத் திறந்து மூடித் திறந்து மூடி, பள்ளிக்குப் போவதையே மறந்துவிட்டான்' என்பது அந்தக் காலை நேரத்தையே கொண்டுவரும். இன்றைக்கு இது எழுதத் தகுதியற்றதாகத் தோன்றலாம். அந்தத் தோற்றம் பொய். டிங் ஜாங், அலிசன் உட் புரூக்ஸ் முதலான ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், சிலரை அன்றாட வாழ்க்கையின் சின்ன விஷயங்களை எழுதிவைக்கச் சொன்னார்கள். அண்மையில் பேசிய பேச்சு, கேட்ட பாட்டு என்று. சில மாதங்கள் கழித்து அதைப் படிக்க எவ்வளவு ஆவலாக இருக்கும் என்று முன்கூட்டியே கணிக்கவும் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்து அவர்கள் காட்டிய ஆவல், அவர்களே எதிர்பார்த்ததைவிட அதிகம். விசேஷ நாட்களைவிடச் சாதாரண நாட்களில்தான் இந்தத் தவறான கணிப்பு பெரிதாக இருந்தது. நீங்கள் இரண்டு ஆண்டுகளாகச் செய்துவந்த வேலை அருமையான வேலை. அதை உங்கள் குடும்பத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மகளின் மௌனம் உங்களோடு மட்டும் என்றால் மேலே சொன்னவை போதும். அம்மாவோடும் தோழிகளோடும் பேச்சு குறைந்து, தூக்கமோ சாப்பாடோ மாறி, பிடித்தவற்றில் ஆர்வம் போய், இது இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், காரணம் உங்கள் குறிப்பு மட்டும் இல்லாமலிருக்கலாம். பள்ளி ஆலோசகரையோ குழந்தைகள் மனநல மருத்துவரையோ பாருங்கள். தம்பியோடு சிரித்துக்கொண்டிருந்தாள் என்று எழுதியிருப்பதால் அந்தக் கட்டம் இல்லை என்றே நினைக்கிறேன்.

உங்கள் அப்பாவைப் பற்றி. அவரோடு கழித்த ஒரு சாதாரண நாள்கூட நினைவில் இல்லை என்று எழுதியிருந்தது என் மனத்தில் தங்கிவிட்டது. மறுபடி மறுபடி நடப்பவற்றை மனித நினைவு தனித்தனி நாட்களாக வைத்துக்கொள்வதில்லை. அத்தனையையும் கலந்து ஒரே ஒரு மாதிரி நாளாக்கி வைத்துக்கொள்கிறது. அதனால் உங்கள் நினைவில் இல்லாததாலேயே அந்த நாட்கள் இல்லாமற் போய்விட்டன என்று முடிவு செய்துவிடாதீர்கள். அவர் உங்களோடு குறைவாக இருந்திருக்கலாம்; ஆனால் இல்லாமலே இருந்திருக்கமாட்டார். அவரோடு வளர்ந்தவர்களும், அவருக்குக் கீழே வேலை பழகியவர்களும், நீங்கள் சிறுவனாக இருந்தபோது அந்த வீட்டுக்கு வந்துபோனவர்களும் அந்தக் குழுவில் இருப்பார்களே. தினமும் இரவு உங்கள் குறிப்பை எதிர்பார்த்துப் பழகிய அவர்களிடம் இந்த முறை ஒரு கேள்வி கேளுங்கள். அப்பா வேலைக்குக் கிளம்பும் முன் என்ன செய்வார், எதற்குச் சத்தமாகச் சிரிப்பார், என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு யாராவது அவரைப் பார்த்ததுண்டா. பதில்கள் உடனே வராது. வயதானவர்களுக்குத் தட்டச்சு செய்வதைவிடப் பேசுவது எளிது. குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். யார் சொன்னார் என்ற குறிப்போடு, நோட்டின் பின்பக்கத்திலிருந்து அவற்றை எழுதிவாருங்கள்.